‘சிப்பி இளவரசி’ (1919): லூபிட்ஷ் ஃபிரேமை நிரப்புற விதத்தை இன்னைக்கு எப்படி எடுக்கிறது?

தரைக்கோலம்:

ஜெர்மன் டைரக்டர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் 1919ல எடுத்த ‘டி அவுஸ்டர்ன்பிரின்ட்செஸின்’ பாணியில நாலு நிமிஷக் குறும்படம் ஒண்ணு திட்டத்துல இருக்கு (இனி ‘சிப்பி இளவரசி’ன்னே சொல்றேன்). கறுப்பு வெள்ளை, 4:3, பேச்சு கிடையாது, டைட்டில் கார்டு மட்டும். ரெண்டு இடத்துல அந்தப் படத்தோட வாடை அடிச்சாப் போதும். ஒண்ணு, இளவரசனுக்காகத் தூது வந்த யோசெஃப் மாளிகைக் கூடத்துல காத்துக் கிடக்கிறப்ப தரையில பதிச்சிருக்கிற கோலத்து மேலயே நடக்கிறது. இன்னொண்ணு, கல்யாண விருந்துல பரிமாறுறவங்க வரிசை.

சோதனை ஷாட்ல வந்த சிக்கல்கள்:

20 பேரை 60 செ.மீ. இடைவெளியில ஒருத்தர் பின்னால ஒருத்தரா நிறுத்தி, முதல் ஆளுக்கு 4 மீட்டர் முன்னால சூப்பர் 35 (சினிமா சென்சார் அளவு) கேமராவுல 50 எம்எம் லென்ஸ் போட்டாச்சு. முன்னாடி நாலு பேர்தான் ஆளாத் தெரியுறாங்க. மத்தவங்க குட்டியாப் போய், ஃபோகஸும் போயி, வெறும் கூட்டமா இருக்கு. அந்தப் படத்துல வர்ற மிரட்டல் இல்லை.

தரையில 2 செ.மீ. டேப் ஒட்டிக் கோலம் போட்டா கேமராவுல காணவே காணோம்.

கூடவே ரெண்டு சந்தேகம். கிடைச்ச ரெண்டு பிரதியில ஒண்ணு வேகமா ஓடுது, அதுல ஆட்கள் நடுவுல இல்லாம ஒரு பக்கம் ஒதுங்கி நிக்கிறாங்க. எதை நம்புறது? அப்புறம், இதை எக்ஸ்பிரஷனிசம்னு (மனநிலையைக் கோணல் செட்டுல காட்டுற பாணி) சொல்லலாமா, இல்ல இதுதான் ‘லூபிட்ஷ் டச்’சா? அறிமுகக் குறிப்புல எழுதணும்.

பெருக்கல்_வாய்ப்பாடு:

லென்ஸ் கணக்கை வேற யாராவது சொல்வாங்க. அதுக்கு முந்தி, வரிசை எதுக்குன்னு பாருங்க. ‘நிறைய ஆளை நிறுத்தினா சிரிப்பு வரும்’னு நினைச்சுத்தான் இந்தப் பாணியைக் காப்பியடிக்கிற எல்லாரும் கவுந்துடறாங்க.

லூபிட்ஷோட கணக்கு வேற. ஒரே ஆள் செய்யக்கூடிய அற்ப வேலையை எடுத்து அதைப் பலருக்குப் பங்கு போடுறார். படம் தொடங்குற இடமே அதான். அமெரிக்கச் சிப்பி மன்னர் மிஸ்டர் க்வேக்கர் (விக்டர் யான்சன்) ஒரு கூடம் நிறைய இருக்கிற டைப்பிஸ்டுகளுக்குச் சொல்லச் சொல்ல அவங்க அடிக்கிறாங்க. அவர் வாயில பெரிய சுருட்டு. அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அவரில்லை, ஒரு வேலையாள். சுருட்டு பிடிக்கிறதுக்கு ஒரு கை போதும். அந்தக் கையைக்கூட அசைக்காத மனுஷன்ங்கிறதுதான் ஜோக். டைப்பிஸ்டுகள் எத்தனை பேர்ங்கிறது ரெண்டாவது. (அங்க நிக்கிற கறுப்பின வேலையாட்களை அலங்காரச் சாமான் மாதிரி வச்சிருக்கிறது இன்னைக்குப் பார்க்க நெருடும். பணக்காரத் திமிரைக் கிண்டல் பண்ற படம் இந்த இனத் திமிரை மட்டும் கண்டுக்கலை. உங்க படத்துக்கு அது வேண்டாம்.)

ஆசி (ஆசி ஆஸ்வால்டா) குளிக்கிற காட்சியும் அதே வகைதான். ஒரு பொண்ணு குளிக்க ஒரு பட்டாளம். தூக்கிக் கொண்டுபோக ஆள், தேய்க்க ஆள், வாசனை பூச ஆள். விருந்துலயும் அப்படியே. உங்க 20 பேருக்கும் முதல்ல ஒரு வேலையை முடிவு பண்ணுங்க. ‘ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கோப்பைக்குள்ள போடுறது’ன்னு வச்சுக்கங்க. அதை 20 பேர் கை மாத்திக் கொண்டுவந்தா வரிசைக்கு அர்த்தம் வரும். சும்மா நின்னா அது ரேஷன் கடைக் க்யூ.

அடுத்தது, எல்லாரும் ஒரே உடை, ஒரே கையசைவு, ஒரே தாளம். கேமராவுக்குப் பின்னால மெட்ரோனோம் ஓட விடுங்க, நிமிஷத்துக்கு 100 தட்டு. ஆளுக்கு நாலு தட்டுன்னு கொடுங்க: வாங்கு, திரும்பு, கொடு, நிமிர். இந்த ஒழுங்குக்குள்ள ஒரே ஒருத்தர் மட்டும் பிசகணும். ரெண்டு பேர் பிசகினா ஒத்திகை சரியில்லைன்னுதான் தோணும். ‘சிப்பி இளவரசி’யில அந்தப் பிசகு யோசெஃப் (யூலியஸ் ஃபால்கன்ஷ்டைன்). இளவரசன் நூக்கியோட கூட்டாளி, தூது வந்த இடத்துல ஆள் மாறி மாப்பிள்ளையாயிடறான். சுத்தி எல்லாம் சடங்கு மாதிரி நடக்க, அவன் மட்டும் தின்னுறதுலயும் குடிக்கிறதுலயும் கவனமா இருப்பான்.

இன்னொண்ணு, பெருக்கலுக்கு எதிர்ல ஒரு ‘ஒன்று’ வேணும். இளவரசன் நூக்கி (ஹாரி லீட்கெ) இருக்கிற அறையை நினைச்சுப் பாருங்க. அவரே துணி துவைக்கிறார். கல்யாணத் தரகர் வந்ததும் நாற்காலியைத் தூக்கி உயரத்துல வச்சு அதையே சிம்மாசனமா ஆக்கிக்கிறார். மாளிகையில ஒரு வேலைக்குப் பத்துப் பேர்னா, இங்க பத்து வேலைக்கு ஒரு ஆள். நாலு நிமிஷப் படத்துல குறைஞ்சது 30 வினாடியாவது இந்தச் சின்ன அறைக்கு ஒதுக்குங்க. இல்லைன்னா மாளிகை பெருசாவே தெரியாது.

தரைக் கோலத்துக்கு வர்றேன். படத்தோட உயிர் அங்கதான் இருக்கு. லூபிட்ஷ் சாகுறதுக்குச் சில மாசம் முன்னால, 1947ல, சினிமா விமர்சகர் ஹெர்மன் வைன்பெர்குக்கு எழுதின கடிதத்துல இந்தக் காட்சியையே எடுத்துச் சொல்லியிருக்கார். தனக்குன்னு ஒரு பாணி தெரிஞ்ச முதல் காமெடி இதுதான், பொறுமை போய் அவமானமா உணர்ற ஏழை அந்தத் தரைச் சித்திரத்தோட கோட்டு மேலயே நடக்கிற இடத்துலதான் தான் முதல் தடவையா வேடிக்கையில இருந்து அங்கதத்துக்குத் திரும்பினதுன்னு.

அந்த ஷாட்ல யோசெஃப் எந்தச் சேட்டையும் பண்ணலை. மேல்மாடியில ஆசியைப் பட்டாளம் குளிப்பாட்டிக்கிட்டிருக்கு, கீழ இவன் நிக்கிறான். உட்காரச் சொல்ல ஆள் இல்லை. கேமரா உயரத்துல இருந்து பார்க்குது, அதனால அவனைவிடத் தரை பெருசு. மெதுவா ஒரு கோட்டைப் பிடிச்சு நடக்கத் தொடங்குறான், அப்புறம் வளைவு, அப்புறம் நட்சத்திர முனை. வீட்டுக்காரனோட பணம் தரையில கோடாக் கிடக்கு, அது போன வழியில இவன் கால் போகுது. நடிகர்கிட்ட ‘சிரிப்பு வரவை’ன்னு சொன்னீங்கன்னா ஷாட் செத்துடும். ‘மூணு மணி நேரமா நிக்கிறே, யாரும் பார்க்கலைன்னு நினைச்சுக்கோ, கோட்டுக்கு வெளிய கால் போகக் கூடாது’ன்னு மட்டும் சொல்லுங்க. பார்வை தரையில இருக்கணும். தொப்பி கையில இருந்தா நல்லது, கைக்கு ஒரு வேலை இருக்கும்.

வெட்டும்போது கூடத்தையும் குளியலையும் மாத்தி மாத்திப் போடுங்க. ஒவ்வொரு தடவையும் கூடத்து ஷாட் கொஞ்சம் நீளணும், குளியல் ஷாட் அதே நீளத்துல இருக்கணும். தலைகீழாப் பண்ணினா காத்திருக்கிற களைப்பு வராது.

ஒன்றேகால்_மிமீ:

அளவுக் கணக்கு.

முதல் ஆள் 4 மீட்டர், கடைசி ஆள் 15.4 மீட்டர். அப்ப கடைசி ஆள் முதல் ஆளில் கிட்டத்தட்ட கால் பங்கு உயரம்தான் தெரிவார். எந்த லென்ஸ் போட்டாலும் இந்த விகிதம் மாறாது, தூரம்தான் அதைத் தீர்மானிக்கும். கேமராவை முதல் ஆளிலிருந்து 10 மீட்டர் தூரம் வரை பின்னுக்குத் தள்ளுங்க. கடைசி ஆள் 21.4 மீட்டர், அதாவது பாதிக்குக் கொஞ்சம் கீழே. இப்ப 75 எம்எம் போட்டா முதல் ஆள் இருக்கிற இடத்தில் ஃபிரேம் அகலம் சுமார் 2.5 மீட்டர் கிடைக்கும். இரண்டு வரிசை, நடுவில் பாதை வைக்கப் போதும்.

கூடம் அவ்வளவு நீளம் இல்லையென்றால், முன்னால் நிற்பவர்களுக்கு 70 செ.மீ., பின்னால் போகப் போக 40 செ.மீ. வரை இடைவெளியைக் குறையுங்கள். உயரமானவர்களைப் பின்னால் நிறுத்துங்கள். வரிசையைக் கேமராவுக்கு நேராக வைக்காமல் 10, 15 டிகிரி சாய்த்தால் ஒவ்வொரு முகமும் முன்னவர் தோளுக்கு வெளியே வரும்.

ஃபோகஸ்: 4 முதல் 15.4 மீட்டர் வரை தெளிவு வேண்டுமானால் 6.3 மீட்டரில் ஃபோகஸை வைத்து, 50 எம்எம்முக்கு லென்ஸ் துளையை எஃப் 11 வரை மூட வேண்டும். 35 எம்எம் என்றால் எஃப் 5.6 போதும். 10 மீட்டர் தூரத்துக்குப் போய் 75 எம்எம் போட்டால் 13.5 மீட்டரில் ஃபோகஸ், எஃப் 8. உங்கள் சோதனையில் பின் ஆட்கள் கரைந்ததற்கு லென்ஸ் திறந்திருந்ததுதான் காரணமாக இருக்கும். வெளிச்சம் கூட்டுங்கள். லூபிட்ஷின் டெம்பல்ஹோஃப் ஸ்டுடியோ கண்ணாடிக் கூரை, கண்ணாடிச் சுவர். பகல் வெளிச்சத்தோடு விளக்கும் சேர்ந்ததால் நிழல் குறைவு, எல்லா மூலையும் தெரியும். கேமராமேன் தியோடோர் ஷ்பார்கூலின் பரந்த ஷாட்டுகள் பளிச்சென்று இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. ஒரு பக்க விளக்கு, கறுப்பு மூலை என்று ‘கலையாக’ ஒளி வைத்தால் படம் 1922 திகில் படமாகிவிடும்.

பலர் தவறவிடும் ஒன்று. மௌனப்பட ஃபிரேம் சுமார் 24 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரம். சூப்பர் 35 சென்சாரில் 16:9 படத்திலிருந்து 4:3 வெட்டினால் அகலம் 19 மி.மீ.க்குள் வந்துவிடும். அந்தக் காலத்து 50 எம்எம் பார்வை வேண்டுமென்றால் நீங்கள் 40 எம்எம் போட வேண்டும். முழு சென்சாரையும் 4:3ஆக எடுக்கும் வசதி கேமராவில் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

தரைக் கோலம்: ஃபிரேம் அகலம் 7 மீட்டர், படம் 1440 பிக்சல் என்றால் ஒரு செ.மீ. இரண்டு பிக்சல்தான். 2 செ.மீ. டேப் நாலு பிக்சல்; சாய்வுப் பார்வையில் குறுக்குக் கோடுகள் அதிலும் பாதியாகிவிடும். 8 முதல் 10 செ.மீ. பட்டை போடுங்கள். பளபளக்கும் டேப் வேண்டாம், விளக்கைத் திருப்பியடித்து வெள்ளையாகிவிடும். மேட் வினைல் அல்லது சுண்ணாம்பு.

கேமரா உயரம்: 7 மீட்டர் தள்ளி, 5 மீட்டர் உயரத்தில் வைத்தால் சாய்வு 35 டிகிரி. தரையில் போட்ட வட்டம், அகலத்தில் 57 சதவீத உயரமுள்ள நீள்வட்டமாகத் தெரியும். அது நன்றாகவே இருக்கும். மாடிப்படித் தளம் 3 மீட்டர்தான் என்றால் சாய்வு 23 டிகிரி, வட்டம் 39 சதவீதமாக நசுங்கிவிடும். அப்போது கோலத்தையே ஆழவாக்கில் ஒன்றரை மடங்கு நீட்டிப் போடுங்கள். கேமராவில் சரியாகிவிடும். நடிகர் நடக்கும் நேரம் மட்டும் அந்தத் திசையில் கூடும், அதை ஒத்திகையிலேயே பார்த்துவிடுங்கள்.

நிறம்: அப்போதைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம் சிவப்பைப் பார்க்காது. சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளிறியும் வரும். கறுப்பு வெள்ளையாக்கும்போது சேனல் மிக்ஸரில் (எடிட்டிங்கில் நிறங்களின் பங்கை மாற்றும் கருவி) சிவப்பை 0, பச்சை 50, நீலம் 50 என்று தொடங்குங்கள். முகம் இருண்டு, சருமத்தில் இருக்கிற புள்ளியெல்லாம் எழும்பும். அதனால்தான் அன்று வெளிறிய மேக்கப் போட்டார்கள். மேக்கப் போடாவிட்டால் சிவப்பை 15, 20 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். சீருடைக்குச் சிவப்புத் துணி எடுத்தால் கறுப்பாகத்தான் விழும், வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும். முன்கூட்டியே மொபைலில் சோதித்துவிட்டுத் தையலுக்குக் கொடுங்கள்.

பிரதி விஷயம். ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பேசும் பட ஜன்னல் (ஃபிரேம் தெரியும் துளை) போட்ட இயந்திரத்தில் மௌனப்படத்தை ஓட்டிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். ஒலித்தடத்துக்காக இடப்பக்கம் ஒரு பட்டை போய்விடும், படத்தின் மையமும் ஒன்றேகால் மி.மீ. நகர்ந்துவிடும். 24 மி.மீ.யில் அது 5 சதவீதம். வேறு படமென்றால் யாருக்கும் உறைக்காது. லூபிட்ஷ் இரண்டு பக்கமும் சமமாக வைக்கிற ஆள், அவருடைய வரிசையில் ஒரு பக்கக் கடைசி ஆள் பாதியாக வெட்டுப்படுவார். அந்தப் பிரதியை வைத்து ஃபிரேம் ஆராய்ச்சி செய்யாதீர்கள். வீஸ்பாடனில் உள்ள முர்னாவ் அறக்கட்டளை வழியாக வந்த மீட்டெடுத்த பிரதியைப் பாருங்கள், படம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும்.

வேகம்: கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 ஃபிரேம், வினாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16. இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் கொஞ்சம் ஏறியே இருக்கும், திரையரங்கிலும் வேகமாக ஓட்டுவார்கள். 1000 மீட்டர் பிலிமில் சுமார் 52,500 ஃபிரேம். 18 வேகத்தில் 48 நிமிடத்துக்கு மேல், 20இல் 44 நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழ், 24இல் 36 நிமிடம் சொச்சம். உங்கள் வேகப் பிரதி 24இல் ஓட்டியதாகத்தான் இருக்கும்.

வெள்ளித்திரைக்_கிடங்கு:

அறிமுகக் குறிப்பில் எக்ஸ்பிரஷனிசம் என்று எழுத வேண்டாம். அந்தப் பாணிக்கே அடையாளமான ‘டாக்டர் கலிகாரி’ பெர்லினில் வெளியானது 1920 பிப்ரவரி 26. ‘சிப்பி இளவரசி’ 1919 ஜூனிலேயே வந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த லூபிட்ஷின் ‘டி புப்பெ’ (பொம்மை) படத்தில் அட்டை மரங்கள், முகம் வைத்த நிலா, துணி போர்த்திய ஆட்களே குதிரைகள். படத்தின் முதல் ஷாட்டில் லூபிட்ஷே வந்து பெட்டியைத் திறந்து, பொம்மை வீட்டையும் மரங்களையும் அடுக்கி வைப்பார்; அடுத்த ஷாட்டில் அந்தப் பொம்மைச் செட் ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கும். வரைந்த செட் என்பதாலேயே எல்லாம் கலிகாரியின் பிள்ளையாகிவிடாது. கலிகாரியின் வளைந்த சுவர் ஒருவன் மனநிலையைக் காட்டுகிறது. லூபிட்ஷின் சுவர் நேராகத்தான் இருக்கிறது, அது வீட்டுக்காரனின் வங்கிக் கணக்கைக் காட்டுகிறது.

இவர் வந்த வழி நாடக மேடை. 1911 முதல் நாடக டைரக்டர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் டாய்ச்சஸ் தியேட்டரில் சின்ன வேடங்கள். ரைன்ஹார்ட் சர்க்கஸ் அரங்கத்திலேயே பெருங்கூட்டத்தை இறக்கி நாடகம் போட்டவர், கூட்டத்தை ஓர் உடம்பு போல அசைக்கும் வித்தை அங்கே கண்ணுக்கு எதிரே நடந்தது. அதே 1919 செப்டம்பரில் வந்த ‘மதாம் துபாரி’யில் பிரெஞ்சுப் புரட்சிக் கூட்டத்தை நடத்தியதும் இதே குழுதான்: திரைக்கதையில் ஹான்ஸ் க்ரேலி, கேமராவில் ஷ்பார்கூல், செட்டில் கூர்ட் ரிக்டர். அங்கே கூட்டம் அரண்மனைக்குள் பாய்கிறது, இங்கே கூட்டம் சூப் பரிமாறுகிறது.

‘திரளின் அலங்காரம்’ என்று ஜெர்மன் விமர்சகர் சீக்ஃப்ரீட் கிரகாவர் எழுதிய கட்டுரையை இதோடு முடிச்சுப் போடுவார்கள். அது 1927. வேண்டுமானால் பின்னோக்கிப் பார்க்கும் கண்ணாடியாக வைத்துக்கொள்ளலாம், காரணமாகச் சொல்ல முடியாது.

அதைவிட அந்த ஆண்டின் பெர்லினை எழுதுங்கள், ஷாட்டுகள் தானாக விளங்கும். நேச நாடுகளின் கடல் முற்றுகை நீங்கியது 1919 ஜூலையில். அதாவது முதல் பார்வையாளர்கள் அரைவயிறோடு இந்த விருந்தைப் பார்த்தார்கள். ஒரு விருந்தாளிக்குப் பின்னால் அத்தனை பரிசாரகர்கள் நின்றது அவர்களுக்கு வெறும் வடிவ அழகாக இருந்திருக்காது. போர்க்காலத்தில் பொது நடனத்துக்குத் தடை இருந்தது. 1918 கடைசி நாளில்தான் எடுத்தார்கள், நகரமே ஆடத் தொடங்கியது. போதாததற்கு அப்போதுதான் ஸ்பானிஷ் காய்ச்சல். இந்தப் பின்னணியில் ‘திடீரென்று ஃபாக்ஸ்டிராட் கொள்ளைநோய் பரவுகிறது’ என்று டைட்டில் கார்டு வருகிறது. ‘கொள்ளைநோய்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு ஆண்டுச் செய்தித்தாள் அடங்கியிருக்கிறது.

அந்த நடனத் தொடரும் உங்களுக்குப் பாடம். தொற்று எப்படிப் பரவுமோ அப்படியே வெட்டுகிறார். விருந்தாளிகள், படிக்கட்டில் வேலையாட்கள், சமையலறையில் சமையல்காரர்கள் என்று வீட்டின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை இறங்கும். அதுவரை வரிசையில் அசையாமல் நின்றவர்கள் எல்லாரும் ஆடிவிடுகிறார்கள். நடுவே இடுப்பை ஆட்டி இசைக்குழுவை நடத்தும் பையன் கூர்ட் போயிஸ், அப்போது 18 வயது. ‘காஸாபிளாங்கா’வில் ஜேப்படிக்காரராக வருபவரும் இவரே.

‘லூபிட்ஷ் டச்’ பற்றி: அந்தப் பெயர் ஒட்டியது ஹாலிவுட் படங்களுக்கு. 1922 டிசம்பரில் அமெரிக்கா போன பிறகு அவர் பிடித்துக்கொண்டது, காட்டாமல் விடும் கலை. கதவு மூடும், உள்ளே நடந்ததை நீங்கள் ஊகித்துக்கொள்வீர்கள். 1919இல் எல்லாவற்றையும் காட்டுகிறார், தேவைக்கு மேல் காட்டுகிறார். ஆனாலும் ஒரு விதை இருக்கிறது. கடைசியில் புதுமணத் தம்பதியை க்வேக்கர் சாவித்துளை வழியாக எட்டிப் பார்க்கிறார். படம் முழுக்க எதைப் பார்த்தாலும் ‘இதெல்லாம் எனக்குப் பெரிசாத் தெரியலை’ என்று ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தவர், அங்கேதான் முதல்முறை மதித்துத் தலையாட்டுகிறார். கதவுகளின் டைரக்டர் பிறந்தது அந்தச் சாவித்துளையில் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்பத் தப்பில்லை.

பல்_மாஸ்க்:

மேலே உள்ளவர் சொன்னதில் ஒண்ணு விட்டுப்போச்சு. தரைக்கோலம் தேடுற ‘ஃபிரேமை நிரப்புற’ வேலையோட உச்சம் ‘சிப்பி இளவரசி’ இல்லை, 1921 ஏப்ரல்ல வந்த ‘டி பெர்க்கட்செ’ (காட்டுப்பூனை). நடிகை போலா நெக்ரி அதுல கொள்ளைக்காரன் மகளா வர்றார். செட் எர்ன்ஸ்ட் ஷ்டெர்ன், அவரும் ரைன்ஹார்ட் ஆளு. அதுல ஃபிரேமோட வடிவமே மாறிக்கிட்டே இருக்கும்: முட்டை வடிவம், அலை, குறுக்குக் கீற்று, சாய்வுப் பட்டை, பல்லு பல்லா வெட்டின ஓரம். கோட்டைக்குள்ள படிக்கட்டு, கைப்பிடி, தூண் எல்லாம் சுருள் சுருளா, ராணுவத்தை அப்படியே கேக் மாதிரி அலங்காரம் பண்ணி வச்சிருப்பாங்க.

உங்க படத்துல இப்படி மாஸ்க் (ஃபிரேம் ஓரத்தை மறைக்கிற வெட்டு அட்டை) போடணும்னு கை அரிச்சா, கவனிக்க வேண்டியது இதான். மாஸ்க் லென்ஸுக்குக் கிட்ட இருந்தா ஓரம் பஞ்சு மாதிரி கரையும். பிலிமுக்குப் பக்கத்துல, ஜன்னல்லயே வச்சாத்தான் பல்லு கூர்மையாத் தெரியும். லென்ஸுக்கு முன்னால வச்சே கூர்மை வேணும்னா தள்ளி வச்சு, லென்ஸை நல்லா மூடணும். எடிட்டிங்ல போடுறதா இருந்தா முழுக் கூர்மையா விடாதீங்க. 1080 உயரப் படத்துல 3, 4 பிக்சல் மென்மை கொடுங்க, இல்லைன்னா கல்யாண ஆல்பம் டெம்ப்ளேட் மாதிரி இருக்கும். மாஸ்க் மேல பிலிம் மணலையும் (கிரெய்ன்) போடுங்க. சுத்தக் கறுப்பா விட்டா ஒட்டினது தெரியும். படம் எடுக்கும்போதே முக்கியமானதெல்லாம் நடு 60 சதவீதத்துக்குள்ள இருக்கணும்.

அளவு? நாலு நிமிஷத்துல ரெண்டு. அதுக்கு மேல போனா கண்ணு ஓரத்தையே பார்க்கும், ஆளைப் பார்க்காது. ‘காட்டுப்பூனை’ ஓடலை. தன்னோட மத்த பல படங்களைவிட இதுல கற்பனையும் கிண்டலும் அதிகம்னு லூபிட்ஷே பின்னாடி எழுதினார். போரில் தோத்த ஜெர்மானியர்கள் ராணுவத்தைக் கிண்டல் பண்றதை ஏத்துக்கிற மனசுல இல்லைங்கிறது அவர் சொன்ன காரணம். என் கணிப்பு, மாஸ்க்கும் ஒரு காரணம். அடுத்து வந்த படங்கள்ல அதை அவர் கையில எடுத்த மாதிரியே தெரியலையே.

பெருக்கல்_வாய்ப்பாடு:

மாஸ்க் விஷயத்துல ஒத்துக்கிறேன், தோல்விக்கு அதைக் காரணம் சொல்றதை மட்டும் ஒத்துக்க முடியலை. அதுல மாஸ்க் இல்லாத ஷாட்டும் நிறைய இருக்கு. தரைக்கோலம், நீங்க ரெண்டு படத்தையும் கலக்காதீங்க. ‘சிப்பி இளவரசி’யில ஃபிரேமை நிரப்புறது ஆளும் தரையும். ‘காட்டுப்பூனை’யில ஃபிரேமே வந்து நிரப்பிக்குது. ஒரே குறும்படத்துல ரெண்டும் இருந்தா எது ஜோக்குன்னு புரியாது.

தரைக்கோலம்:

மாஸ்க்கை விட்டுடறேன். சர்க்கரை ஸ்பூன் யோசனையை எடுத்துக்கிட்டேன். ரெண்டு கேள்வி பாக்கி. கேமராவுல 18 ஃபிரேம் வைக்க முடியும், ஆனா டைம்லைன் 25. ஓட்டினா நடை திக்குது. அப்புறம் டைட்டில் கார்டு எத்தனை வினாடி நிக்கணும்?

ஒன்றேகால்_மிமீ:

25இல் 18ஐ அடைத்தால் எந்த ஃபிரேம் இரண்டு தடவை வருகிறது என்பதில் ஒழுங்கு இருக்காது, அதனால்தான் திக்குகிறது. டைம்லைனை 24ஆக மாற்றுங்கள். 18 என்றால் ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமும் இரண்டு தடவை, 20 என்றால் ஒவ்வொரு ஐந்தாவது, 16 என்றால் ஒன்றுவிட்டு ஒன்று. சீராக இருக்கும். ஃபிரேம் பிளெண்டிங், ஆப்டிகல் ஃப்ளோ (இடையில் புது ஃபிரேம் உண்டாக்கும் வசதிகள்) இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கை கால் ஓரங்கள் ஆவி போலத் தெரியும்.

வரிசை ஷாட்டை 18இல் எடுத்து 20ஆக ஓட்டுங்கள், சுமார் 11 சதவீதம் வேகம் கூடும். மெட்ரோனோமை 90இல் வைத்தால் திரையில் 100 கிடைக்கும். யோசெஃப் நடக்கிற ஷாட்டுக்கு இந்த ஏற்றம் வேண்டாம், எடுத்த வேகத்திலேயே விடுங்கள். அது வேகமானால் காத்திருப்பு போய் குறும்பாகிவிடும். ஷட்டர் 180 டிகிரியிலேயே இருக்கட்டும், 18இல் அது 1/36 வினாடி. கொஞ்சம் மங்கல் வரும், அதுதான் வேண்டும்.

வெள்ளித்திரைக்_கிடங்கு:

டைட்டில் கார்டை நீங்களே நிதானமாக வாய்விட்டு இரண்டு தடவை படியுங்கள், அதுவே நேரம். ஐந்து சொல்லுக்கு மேல் போனால் உடையுங்கள். க்வேக்கர் போல ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடுவதாக இருந்தால் இரண்டாம் தடவையிலிருந்து பாதி நேரம் போதும், பார்க்கிறவருக்கு மனப்பாடமாகியிருக்கும். கார்டை வாயசைவு தொடங்கிய உடனே வெட்டுங்கள். வாய் மூடிய பிறகு போட்டால் சொன்னது யார் என்று தேட வேண்டியிருக்கும், 20 பேர் ஒரே சீருடையில் நிற்கும்போது இன்னும் மோசம்.